அறுபத்து நான்காவது அழைப்பு

1

நாங்கள் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துக்கு வந்து இறங்கி இன்றோடு பத்தொன்பது வருடம். வருடாவருடம் இந்த நாளில் ஊருக்கு ஒரு குறிப்பு எழுதுவது என் வழக்கம். போன வருடம் எங்கள் தோட்டத்து மழைமானியைப் பற்றி எழுதினேன். படித்ததாக மூன்று பேர் சொன்னார்கள். அதில் இரண்டு பேர் உறவினர்கள். இந்த வருடம் இந்த நாட்டுக் குப்பைத்தொட்டி நிறங்களைப் பற்றி எழுதத் தயாராக இருந்தேன். அது கிடக்கட்டும். இன்று காலை பத்து இருபதுக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. அதைச் சொல்ல வேண்டுமானால், கைப்பேசி எனக்கு ஒரு வால் கோட்டைப் பரிந்துரைத்த ஆகஸ்ட் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வால் கோட்டு என்றால், முன்புறம் இடுப்போடு நின்று, பின்புறம் முழங்கால் வரை இரண்டாகப் பிளந்து தொங்குமே, அந்தக் கறுப்புக் கோட்டு. நான் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்ப்பவன். வேலைக்கு நீலச் சட்டை, வீட்டில் லுங்கி, எங்கள் ஊர்ப் பேச்சில் சாரம். வால் கோட்டை நான் தேடவில்லை. தேடியவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

2

பரிந்துரைகளை எழுதி வைக்க என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மூன்று பத்திகள்: நாள், பொருள், வந்த வழி.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் மகள் இசக்கி. எட்டு வயதில் வந்தாள், இப்போது இருபத்தேழு. நான்கு கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். இங்குள்ளவர்களுக்கு அவள் 'ஈசா'. பல்கலைக்கழகத்தில் அவள் செய்யும் ஆய்வே இதுதான்: ஒருவருடைய பலவகைத் தொடர்புகளை வைத்து அவருக்கு என்ன பிடிக்கும் என்று இயந்திரம் எப்படிக் கணிக்கிறது, எங்கே தவறுகிறது. அவளுடைய தமிழ், இங்கே வார இறுதிப் பள்ளியில் பாடப்புத்தகத்தை வைத்துக் கற்ற தமிழ்.

"அப்பா, நீங்கள் பார்ப்பது உங்கள் விருப்பம் அன்று. உங்களுடன் தொடர்பில் இருப்பவர்களின் நிழல்" என்றாள் ஒருநாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்மா, எனக்குப் பசி ஏற்பட்டுள்ளது."

"ஏட்டி, நீ சோறு கேக்கியா, நியூஸ் வாசிக்கியா?" என்றாள் என் மனைவி பேச்சியம்மாள்.

நிழல் என்று தெரிந்த பிறகு, யாருடைய நிழல் என்று பார்க்காமல் எப்படி இருப்பது? பனிச்சறுக்குக் காலணி: பக்கத்து வீட்டுப் பீட்டர். மூட்டுவலித் தைலம்: பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா செல்வி. தலைமுடி நடும் சிகிச்சை: எங்கள் மேலாளர். அவர் ஒரு திங்கட்கிழமை தொப்பியோடு வந்தபோது தொழிற்சாலையில் ஆச்சரியப்படாதவன் நான் ஒருவன்தான். பதிலுக்கு என் நிழலும் பிறர்மேல் விழத்தான் செய்தது. பீட்டர் ஒருநாள் வேலிக்கு மேலாகக் கைப்பேசியை நீட்டி, மஞ்சள் நிறத்தில் மலைபோல் குவிந்திருக்கும் இது என்ன என்று கேட்டார். வள்ளியூர் மண்டியில் அன்றைக்கு வந்து இறங்கிய வாழைத்தார்.

வள்ளியூர் என்றதும் நான் பேச்சை மாற்றி, அவருடைய ரோஜாச் செடியை விசாரித்தேன். காரணம் இருக்கிறது.

3

வள்ளியூர் மண்டி என் மச்சான் சங்கரபாண்டியுடையது. பேச்சியின் ஒரே அண்ணன். அவருக்கும் எங்களுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தப்பு என்னுடையது. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

பதினோரு வருடத்துக்கு முன் பாளையங்கோட்டையில் வீடு கட்டினோம். பால் காய்ச்ச எனக்குக் கிடைத்த விடுப்பு நான்கு நாள். நம் ஊரில் முதல் அழைப்பு குலதெய்வத்துக்கு, அடுத்தது மனைவியின் பிறந்த வீட்டுக்கு. அதுவும் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். நான் ஐந்தோவனில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசிச் செயலி 'நீங்கள் அழைக்க விரும்பக்கூடியவர்கள்' என்று தானாகக் காட்டிய பட்டியலில் 'அனைவரும்' என்ற இடத்தை அழுத்திவிட்டேன். எழுபது பேர். ஒரு நொடியில் வேலை முடிந்ததென்று நோட்டில் குறித்தும் வைத்தேன்.

அந்தப் பட்டியல் வரிசையோடு எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. செயலி தன் கணக்குப்படி நெருக்கத்தை அளந்து அடுக்கியிருந்தது. முதல் ஆள் பீட்டர். ஒன்பதாவது என் பல் மருத்துவர். மச்சான் போனில் பேசுவாரே தவிர, யாருடைய படத்துக்கும் விருப்பம் தெரிவிக்கிற ஆள் இல்லை. அவர் அறுபத்து நான்காவது. அவர் மகன் முத்துக்குமார் அதை அவரிடம் காட்டியிருக்கிறான். போன் வந்தது.

"மாப்ள, அந்த ஒம்பதாவது ஆளு யாருவே?"

"பல் டாக்டர் மச்சான்."

"சரி. பல்லு புடுங்குதவனுக்கு அப்புறமும் அம்பத்துநாலு எண்ணம் தாண்டித்தான் நானு, என்னவே?"

அதோடு வைத்தவர்தான். பால் காய்ச்சும் பானை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும், வரவில்லை. கடையில் வாங்கினோம். பால் பொங்கும்போது பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். எரிந்தது கேஸ் அடுப்பு.

மன்னிப்புக் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கடிதம் எழுதினேன், பிழை எப்படி நேர்ந்தது என்று வரிசை எண்களோடு விளக்கி, மூன்று பக்கம். அது நிலைமையை மேலும் கெடுத்தது என்று செல்வி அக்கா சொன்னாள்.

அண்ணன் தானாகக் கூப்பிடாமல் நான் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்ட பேச்சி, அன்றிலிருந்து தினமும் காலை ஏழு பத்துக்கு மண்டியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். முத்துக்குமார் அன்றன்றைய தார் வரத்தைப் படம் எடுத்துப் போடுவான். படத்தின் ஓரத்தில் எப்போதாவது அண்ணன் தென்படுவார்: ஒரு தோள், தோளில் துண்டு, சில நாள் வெறும் செருப்பு. இவள் அதை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஒரு வார்த்தை எழுதியதில்லை, ஒரு படத்தையும் தொட்டதில்லை.

"இப்படிப் பார்க்கிறாளே, செயலிக்கு என்ன புரியும்?" என்று இசக்கியிடம் கேட்டேன்.

"உலகத்திலேயே அம்மாவுக்கு மிக நெருங்கியவர் மாமாதான் என்று புரியும்."

"தப்பாச்சே. பேச்சே கிடையாதே."

இசக்கி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "தப்பா அப்பா?" என்றாள்.

4

இனி வால் கோட்டு. ஆகஸ்டில் அது வந்த மறுவாரம், நெடுநேரம் நிற்பவர்களுக்கான முழங்கால் பட்டை. அடுத்து கம்பளிக் குரங்குக் குல்லா. அதற்கடுத்து, 'வெற்றிலையை விமானத்தில் கொண்டு போகலாமா' என்று ஒருவர் ஆறு நிமிடம் விளக்கும் காணொளி. நான்கும் பேச்சியின் கைப்பேசியில் முதலில் வந்து, பிறகு என்னுடையதற்கு வந்தவை. பேச்சியின் நெருங்கிய தொடர்பு ஒன்றே ஒன்று. 'வந்த வழி: வள்ளியூர்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

கறுப்புக் கோட்டு, நெடுநேரம் நிற்பது, குரங்குக் குல்லா. திருநெல்வேலிக்காரன் எவனும் என் முடிவுக்குத்தான் வருவான். குலசேகரன்பட்டினம் தசரா! நேர்ந்துகொண்டவர்கள் காளி, குறவன், போலீஸ், குரங்கு என்று வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிப் போகும் திருவிழா. மச்சான் வெள்ளைக்காரத் துரை வேஷம் கட்டப் போகிறார். குல்லா மாற்று வேஷத்துக்கு. வெற்றிலைக் காணொளியை மட்டும் என்னால் பொருத்த முடியவில்லை; அளவுக்கு வராத பாகத்தைத் தனியே எடுத்து வைப்பதுபோல வைத்துவிட்டேன்.

கண்டுபிடித்த பெருமையில் பேச்சியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அறுவது வயசுல எங்க அண்ணன் எதுக்கு வேஷம் கட்டணும்?" என்றாள். "சீக்குல கெடந்து நேந்தாத்தான் கட்டுவாவ. அவனுக்கு என்னமோ செய்யுது. நம்மகிட்ட மறைக்கான்."

அன்று அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்தது. பத்தொன்பது வருட நோட்டுகளில் அப்படி ஒரு பதிவு வேறு இல்லை.

செல்வி அக்காவுக்குப் போன் செய்தோம். அக்கா தார் வாங்குகிற சாக்கில் வள்ளியூருக்கு பஸ் ஏறினாள். மறுநாள் அறிக்கை வந்தது.

"நேர்ச்சையெல்லாம் ஒண்ணும் கெடயாதுடே. மாலையும் போடல, வெரதமும் இல்ல. என் கண்ணு முன்னாலயே ஆட்டுக்கால் சூப்பு ரெண்டு கிளாசு குடிக்கான்."

"அப்போ ஆள் நல்லா இருக்காரா?"

"அதுதான் சொல்ல வாரேன். காலைல ஏவாரம் முடிஞ்சதும் கறுப்புக் கோட்ட மாட்டிக்கிட்டு, வாழைத்தாருக்கு நடுவுல ஒரு மணி நேரம் அசையாம நிக்கான். கையக் கட்டிக்கிட்டு, நேரா பாத்துக்கிட்டு. முத்துக்குமாரு வாச்சப் புடிச்சிக்கிட்டு எதுக்க உக்காந்திருக்கான். ஈ மூக்குல உக்காந்தாலும் வெரட்ட மாட்டேங்கான். அண்ணாச்சி, என்னதுக்குன்னு கேட்டா, 'ஒமக்குச் சொன்னா புரியாது, ஒம்ம தம்பிக்குச் சொன்னா மூணு பக்கம் எழுதுவான்'ங்கான்."

பேச்சி கைப்பேசியைப் பைய மேசைமேல் வைத்தாள். நோய் உடம்பில் இல்லை, தலையில் என்று அவள் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

"நீங்க பண்ணுன காரியம். நீங்களே கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட்டேன். பதினோரு வருடம் கழித்து. என்ன பேசுவது என்று ஐந்து வரி எழுதி எதிரில் வைத்திருந்தேன். முதல் வரியிலேயே தடம் புரண்டது.

"யாரு?"

"நான்தான் மச்சான்."

"எந்த நானு?"

"மாப்ள. ஐந்தோவன்லேர்ந்து. உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

பின்னால் யாரோ தார் எண்ணுவது கேட்டது.

"எனக்கு என்னவே? கல்லு மாதிரி இருக்கேன். ஒரு மணி நேரம் ஆடாம அசையாம நிப்பேன். நீரு நிப்பீரா?"

"எதுக்கு மச்சான் நிக்கணும்?"

"அதானே. நீரு ஒக்காந்த எடத்துலேர்ந்தே எல்லாம் செய்யுத ஆளுல்லா!"

வைத்துவிட்டார். நான் பேச்சியிடம் முழு உரையாடலையும் ஒப்பித்தேன். அவள் கேட்டது, எங்கள் பக்கத்து ஆண்கள் உரிமையோடு பேச்சின் முடிவில் ஒட்டும் ஒரு எழுத்தைப் பற்றி மட்டும்தான்.

"'வே' போட்டானா?"

"எட்டு வாக்கியத்தில் ஒன்றில்."

"அப்போ பாதிக் கோவம் போயிட்டு" என்றாள். அவள் அண்ணனை அவள்தான் அறிவாள்.

5

அதே நாட்களில் மகள் விஷயத்திலும் ஒரு குழப்பம். இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. படிவத்துக்கு நகராட்சியில் நாள் வாங்க வேண்டும். அந்த நாளில் போனால் எழுத்தர் உங்கள் கண்முன்னே பேனாவை நீட்டி, அவர் பார்க்கக் கையெழுத்திடச் சொல்வார். பத்தொன்பது வருடக் கடிதங்களைப் பதினான்கு பெட்டிகளில் வரிசையாக வைத்திருக்கிறேன். எனவே செப்டம்பரில் இசக்கியின் சைக்கிள் பையிலிருந்து ஒரு ரசீது விழுந்தபோது, அது எந்த ரகம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நகராட்சியில், அதிகாரி முன்னிலையில் கையெழுத்து.

கல்யாணமாகாத பெண் பிள்ளை நகராட்சியில் போய்க் கையெழுத்துப் போட்டால் தகப்பனுக்கு என்ன தோன்றும்? பீட்டரிடம் விசாரித்தேன். என் டச்சு மொழியின் லட்சணம் பீட்டருக்குத் தெரியும். வந்த புதிதில் அவர் மனைவி வைத்த சூப்பைப் பாராட்ட எண்ணி, அவர் மனைவியே ருசியாக இருப்பதாகச் சொல்லிவிட்டவன் நான். இப்போது என் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் மகளிடமே கேட்கலாமே" என்றார். இந்த ஊர் ஆட்களுக்கு எதையும் சுற்றிவளைத்துக் கண்டுபிடிக்கும் ரசனை கிடையாது.

கேட்டேன். "பல்கலைக்கழக அலுவல்" என்றாள்.

அன்று சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது, வாசலில் நின்ற பீட்டரின் நாயைப் பார்த்து இசக்கி சொன்னாள்: "என்னவே, சாப்பிட்டீரா?"

நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். 'வே' ஆண்பிள்ளைகள் பேச்சு. பேச்சி சொல்ல மாட்டாள். எனக்கு இந்த நாட்டில் அப்படிக் கூப்பிட ஒரு ஆள் கிடைக்காமல், அது என் வாயைவிட்டே போய்ப் பல வருடமாகிறது. பாடப்புத்தகத்திலும் இருக்காது. நோட்டை எடுத்து நாளையும் சொல்லையும் எழுதினேன். வந்த வழி என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டேன். மேலாளரின் தலைமுடியைக் கண்டுபிடித்தவன், இதற்குக் கேள்விக்குறி போட்டேன்.

தசரா வந்தது, போனது. குலசேகரன்பட்டினத்துப் படங்களைப் பேச்சி ஒன்று விடாமல் பெரிதாக்கிப் பார்த்தாள். துரைகள் இருந்தார்கள், எங்கள் துரை இல்லை.

6

இன்று காலை பத்து இருபதுக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தேன்.

குரங்குக் குல்லா. அதற்குக் கீழே வால் கோட்டு. கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் மஞ்சள், குங்குமம், கொட்டைப்பாக்கு, கற்கண்டு. பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இசக்கி.

"வெத்தல விட மாட்டானாமே, வீடியோவுல சொன்னான்" என்றார் மச்சான். "அதனால பாக்கோட வந்திருக்கேன். கொறயா நெனைக்கக் கூடாது."

பேச வேண்டியதை எழுதி வைக்காததால், நான் கதவை இன்னும் அகலமாகத் திறந்தேன்.

இசக்கி சொன்னாள். வருகிற வியாழக்கிழமை அவள் தன் ஆய்வேட்டுக்காகச் சபை முன் நின்று ஒரு மணி நேரம் பதில் சொல்ல வேண்டும். இந்த நாட்டு வழக்கப்படி அவளுக்கு இருபுறமும் இரண்டு துணையாட்கள் கறுப்புக் கோட்டோடு நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் கேள்வி கேட்பவர்கள் கைகலப்பில் இறங்கினால் தடுப்பதற்காம். ஒரு துணை அவள் தோழி. இன்னொன்றுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தவள், ஜூலையில் பெங்களூருவுக்கு அலுவலாகப் போனபோது எங்களிடம் சொல்லாமல் ரயில் ஏறி வள்ளியூருக்குப் போயிருக்கிறாள். கடைத்தெருவில் தட்டு வாங்கி, வெற்றிலை பாக்கு வைத்து, மண்டியில் மாமா முன்னால் இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறாள். முதல் அழைப்பு. அதற்கு முன் யாரையும் அழைக்கவில்லை, குலதெய்வத்தைத் தவிர. விசாவுக்கு அவரைத் தன் வீட்டில் தங்கவைப்பதாக எழுதிக் கொடுத்ததுதான் அந்த நகராட்சிக் கையெழுத்து.

"பிள்ள வந்து நிக்கா, 'மாமா, என்னை யாராவது அடிக்க வந்தால் தாங்கள் தடுக்க வேண்டும்'ங்கா" என்றார் மச்சான். "எவன்டா எம் பிள்ளய அடிக்கவன்னு அன்னைக்கே கெளம்பிட்டேன். இவதான் விசா வரட்டும்னா."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தட்டை நீட்டி, ஊரில் அழைக்கிற முறையில் நிறுத்திச் சொன்னார்:

"மாப்ள. நம்ம இசக்கிக்கு வியாழக்கெழம பட்டம் குடுக்காவ. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்."

தட்டில் ஒரு அட்டை இருந்தது. அதன் மேல் மூலையில் பென்சிலால் ஒரு எண்: 64.

"அறுவத்தி மூணு பேருக்குக் குடுத்துட்டுத்தான் ஒமக்கு வாரேன்" என்றார். "சும்மா இல்லவே, முறையா தட்டு வச்சு. வள்ளியூர்ல அறுவது எண்ணம். அறுவத்தொண்ணு அந்தப் பல்லு டாக்டரு, இவளக் கூட்டிக்கிட்டு நேத்து போனேன், பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சிக்கிட்டு வாங்கிக்கிட்டாரு. அறுவத்திரெண்டு பக்கத்து வீட்டு பீட்டரு."

"அறுபத்து மூணு?"

மச்சான் வேலிப்பக்கம் தலையை ஆட்டினார். பீட்டரின் நாய் கழுத்துப்பட்டையில் ஓர் அட்டையோடு, கற்கண்டு மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுக்களையிலிருந்து பேச்சி வந்துவிட்டாள். கையில் கரண்டி. அண்ணனை உச்சி முதல் பாதம் வரை, படத்தில் பெரிதாக்குவாளே, அப்படிப் பார்த்தாள். செருப்புக்கு வந்ததும் நின்றாள்.

"பழைய செருப்பு எங்க? வார் அந்திருந்துதே, தைக்கக் குடுத்தியா?"

"அது ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

பேச்சி கரண்டியைப் பிடித்த கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இசக்கி தன் ஆய்வேட்டின் அச்சுப் பிரதியைப் பையிலிருந்து எடுத்து, காணிக்கைப் பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டினாள். டச்சும் ஆங்கிலமுமான புத்தகத்தில் அந்த ஒரு வரி தமிழில் இருந்தது: 'ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு நாளும் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு.'

"கால் வலிக்கி. இங்கனயே நிக்க வைக்கப் போறியளா?" என்றார் மச்சான். "தட்ட வாங்கும்வே."

நான் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டேன். நாய்க்கு அடுத்தபடியாக.